வலை போட்ட பாத்தி, வலை போடாத பாத்தி

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் வீட்டுக்குப் பின்னால் சாவி கீரை (கடுகுக் கீரை வகை), வெண்டை, கத்தரி, பயத்தங்காய் போட்டு வருகிறேன். குருவிகள் புழுவைத் தின்று உதவும் என்பது தெரிந்த செய்திதான். எந்தப் பூச்சியைத் தின்கின்றன, எதைத் தொடுவதில்லை என்று நேரில் பார்க்க ஆசை. இந்தப் போகத்தில் பூச்சி மருந்தை அடியோடு நிறுத்தினேன்.

சாவி கீரையில் இரண்டு பாத்தி. ஒன்றைத் திறந்து விட்டேன். இன்னொன்றின் மேல் வலையை நன்றாக இழுத்துக் கட்டினேன். தொய்ந்தால் குருவியின் கால் மாட்டிக்கொள்ளும். கண்ணி விரல் நுழையும் அளவு. அந்துப்பூச்சி உள்ளே போய் முட்டையிடலாம், குருவி போக முடியாது. கொசுவலை போல நெருக்கமாக இருந்தால் அந்துப்பூச்சியையும் தடுத்துவிடும், ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை.

திறந்த பாத்தியின் ஓரத்தில் மூங்கில் குச்சி நட்டு, மேலே ஒரு குறுக்குக் கட்டை கட்டினேன். தமிழ்நாட்டில் இதைப் பறவைத் தாங்கி என்பார்கள். ஏக்கருக்கு 20 நடச் சொல்வது அங்கே வழக்கம். நெல்லில் கதிர் முற்றும்போது பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிக்கும் அதுவே இருக்கையாகிவிடும்.

முதலில் வந்தது குண்டுக்கரிச்சான், இங்கே எல்லாரும் முராய் என்கிற அதே குருவி. குச்சியில் உட்கார்ந்து வாலைத் தூக்கும், தரையில் குதிக்கும், திரும்ப ஏறும்போது வாயில் புழு இருக்கும். வெட்டுப்புழு பகலில் மண்ணுக்குள் பதுங்குவதால் மருந்துக்கு எளிதில் சிக்காது. முராயும் மைனாவும் மண்ணைக் கிளறியே எடுத்துவிடுகின்றன. நான் களை பிடுங்கினால் விசிறிவால் குருவி பக்கத்திலேயே வந்து, கிளம்பும் பூச்சிகளைப் பறந்து பிடிக்கிறது. கத்தரி இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது தையல்சிட்டு. செப்டம்பர் பிறந்த பிறகு வடக்கிலிருந்து வலசை வரும் பழுப்புக் கீச்சான் வெட்டுக்கிளியைத் தேடிப் பிடித்தது.

கீரை வளர்ந்தபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. வலைக்குள் இருந்த இலைகள் சல்லடையாகக் கிடந்தன. வெளியே இருந்தவற்றிலும் ஓட்டை உண்டு, ஆனால் சமையலுக்கு எடுக்கலாம். அக்காவிடம் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கட்டு கொடுத்தேன். "இத மருந்தடிச்சதோட பக்கத்துல வெச்சா யாரும் வாங்க மாட்டாங்கடா, ஆனா நான் ஆக்குவேன்" என்றார், வெளியே விளைந்ததைக் காட்டி.

ஆனால் குருவியால் ஆகாத வேலையும் இருக்கிறது. பயத்தங்காய்க் கொடியில் ஒரு பகுதிக்கு மட்டும் வலை சுற்றினேன்; சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அப்பிக்கிடந்தது. அதற்குப் பொறிவண்டுதான் வர வேண்டும். கத்தரியில் காய்க்குள் புகுந்த துளைப்பானைக் குருவி எட்டவே முடியாது. அது துளைத்து வாடிய குருத்தை நான் கிள்ளி எறிந்தேன். காந்தாரி மிளகாயைக் கொண்டைக்குருவி பழுக்கப் பழுக்கத் தின்கிறது, காரம் அதற்கு உறைக்காது. அந்த மிளகாயைக் கூலி என்று எடுத்துக்கொள்கிறேன்.

குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் வேட்டை அதிகம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். இதை மறந்து 1958இல் சீனாவில் சிட்டுக்குருவிகளைக் கொன்று குவித்தார்கள்; பூச்சி பெருகிய பிறகு, 1960இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

நம் நாட்டுக் கதை இதற்கு நேர் எதிர். கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை நகரமெல்லாம் பரவிவிட்டது. வெளியூர்ப் பறவையைக் கொண்டுவந்து இறக்குவது வேறு, இங்கேயே இருப்பதற்கு இடம் கொடுப்பது வேறு. முராயைப் பாட்டுக்காகப் பிடித்துக் கூண்டில் அடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு பாத்தியையே காப்பாற்றும் குருவி அது.

அடுத்த போகத்தில் வேலியோரம் செம்பருத்தியை வெட்டாமல் அடர்த்தியாக விடப்போகிறேன். கொய்யா மரத்தில் முராய்க்கு ஒரு மரப்பெட்டி, பூனை ஏறாமல் இருக்க அடிமரத்தைச் சுற்றித் தகரம். பயத்தங்காய்க்குப் பக்கத்தில் பொறிவண்டை இழுக்கக் கொத்தமல்லியைப் பூக்க விட்டுப் பார்க்க வேண்டும்.