பழைய பம்பை மாற்றுவதற்கு முன்

நீரேற்று நிலையங்களின் பராமரிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயதான பம்பைக் கழற்றிவிட்டு அதே திறனுள்ள புதியதை அதே மேடையில் பொருத்துவதை மேம்பாடு என்று நான் ஏற்பதில்லை.

அந்தப் பம்பைத் தேர்ந்தெடுத்த காலத்தில் இருந்த குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் இன்று அப்படியே இருப்பதில்லை. தேவை பெருகும் என்று கருதிக் கூடுதல் திறனோடு வாங்கப்படும் பம்புகள், வெளியேற்று வால்வைப் பாதி மூடிய நிலையில் ஆண்டுக்கணக்கில் ஓடுவதுண்டு. மின்சாரத்தைச் செலவிட்டு உண்டாக்கிய அழுத்தத்தை வால்விலேயே இழப்பது, மின்னுற்பத்தியில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்கு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கும் சிங்கப்பூருக்குத் தகாது. ஆகவே நீரோட்டம், அழுத்தம், மின்நுகர்வு ஆகிய மூன்றையும் பகலிலும் நள்ளிரவிலும் அளந்த பிறகே கொள்முதல் ஆவணத்தை எழுதத் தொடங்க வேண்டும்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியைப் பொருத்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சுழலும் சக்கரத்தால் நீரைத் தள்ளும் மையவிலக்குப் பம்பின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகும் என்ற கணக்கு உண்மையே. ஆனால் அது குழாயின் உராய்வை மட்டுமே வெல்ல வேண்டிய இடங்களுக்கு உரியது. குன்றின் மேலுள்ள நீர்த்தேக்கத்துக்கோ அடுக்குமாடி புளோக்கின் மொட்டைமாடித் தொட்டிக்கோ நீரை ஏற்றும்போது, ஏற வேண்டிய உயரம் சற்றும் குறையாது. வேகத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினால் பம்ப் சுழன்றுகொண்டிருக்கும், தண்ணீர் மேலேறாது, உள்ளே தேங்கிய நீர் சூடாகி உறுப்புகள் கெடும். அங்கெல்லாம் ஒரு பெரிய பம்புக்கு மாற்றாகச் சிறியவை சிலவற்றை வைத்துத் தேவைக்கேற்ப இயக்குவதே நல்லது.

நிலையமே தேவையா என்று கேட்கவும் தயங்கக் கூடாது. ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதற்கட்டத்தில் கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் சுரங்கம் சரிவாக அமைக்கப்பட்டதால், கழிவுநீர் புவியீர்ப்பால் தானே ஓடுகிறது. ஆங்காங்கே இருந்த கழிவுநீர் நீரேற்று நிலையங்களைப் படிப்படியாக மூடவும் வழி பிறந்தது. ஆழத்திலிருந்து மேலேற்றும் வேலை சாங்கியில் ஓரிடத்தில் நடக்கிறது.

குடிநீருக்கு அந்த வசதி இல்லை. அதை ஏற்றித்தான் ஆக வேண்டும், ஒரு நாள்கூட நிறுத்தவும் முடியாது. எனவே மாற்றுப் பம்பு தயாராக இருக்கும் நிலையில் ஒவ்வொன்றாக மாற்றி, திடீரென மின்சாரம் நின்றால் குழாயில் எழும் அழுத்த அதிர்ச்சியையும் நீர் பின்னோக்கிப் பாயாமல் காக்கும் தடுப்பு வால்வு மூடும் வேகத்தையும் சோதித்து, புதியது முழுச் சுமையில் ஓடிக் காட்டிய பின்னரே அடுத்ததைக் கழற்ற வேண்டும். இச்சோதனைக்கான கால அவகாசம் முதல் நாளே திட்ட அட்டவணையில் இடம்பெற வேண்டும்.