சிவெட்டெல் எஜியோஃபோர்: மேடை தந்த நடிகர்

இவர் பெயரைச் சொன்னாலே பலருக்கும் அடிமை வாழ்வைச் சொல்லும் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படம் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதில் கழுத்தில் கயிறோடு மரத்தில் தொங்கிக்கொண்டு, கால்விரல் நுனியைச் சேற்றில் ஊன்றி ஊன்றி உயிரைப் பிடித்துவைத்திருப்பாரே, பின்னால் மற்றவர்கள் பாட்டுக்குத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கேமரா லேசில் விலகாது. வசனமே தேவைப்படாத நடிப்பு அது. என்னைக் கேட்டால், அந்தப் பக்குவம் நாடக மேடையில் வந்தது.

1977இல் லண்டனில், நைஜீரியாவின் இக்போ இனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 11 வயதில் நைஜீரியாவில் நடந்த கார் விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்தார். நெற்றித் தழும்பு அந்த விபத்தில் வந்ததுதான். நடிப்புப் பள்ளியில் படிக்கும்போதே ஸ்பீல்பெர்க் படத்தில் வாய்ப்பு. ஆனாலும் மேடையை விடவில்லை. 2007இல் டான்மார் வேர்ஹவுஸ் என்ற சின்ன அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நின்றார், எதிரே வில்லன் இயாகோவாக நடிகர் யூவன் மெக்ரெகர். அதற்குத்தான் பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியர் விருது.

'12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்துக்காக 2014இல் பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது, ஆஸ்கர் கிடைக்கவில்லை. அதுவும் அவருக்கே போயிருக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் 2019இல், மலாவியில் பஞ்ச காலத்தில் காற்றாலை கட்டிய சிறுவனின் உண்மைக் கதையை 'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்' என்ற படமாக இயக்கி, அந்தப் பையனின் அப்பாவாகவும் நடித்தார். பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள்.