வண்டியில் ஆம்ப்ளிஃபையர்

திருவையாற்றுப் படித்துறை அருகே வண்டியை நிறுத்தி, மோட்டார் சைக்கிளில் பொருத்திய ஆம்ப்ளிஃபையரை நேற்று மாலை முழுவதும் சோதித்தேன். இன்ஜின் அணைந்திருந்தபோது தெளிவாக ஒலித்த நாகஸ்வரம், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கையில் மூழ்கியது. எர்த் வயரைப் பெயின்ட் பூசிய சேஸிலிருந்து (வண்டியின் உலோகச் சட்டத்திலிருந்து) கழற்றி, நேரே பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இணைத்த பிறகே அது அடங்கியது. முழுச் சத்தத்தில் 100 வாட் எடுக்க 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 10 ஆம்பியர் தர வேண்டும் என்பதால், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருக்கிறேன். பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர் ஓடும் வண்டியில் இதைத் தவிர்ப்பது பெரும் ஆபத்து. ஆம்ப்ளிஃபையர் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயினை மெல்ல ஏற்றி, தவில் அடி பிசிறத் தொடங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் புகாத பெட்டி ஒன்று செய்ய வேண்டும்.