"நாளைக்குச் சொல்றேன்"

கணவர் குடித்துவிட்டுப் படுத்துக் கிடக்கிறார். "அவருக்குக் காய்ச்சல்" என்று அலுவலகத்துக்கு போன் செய்கிறார் மனைவி. அன்பால் சொன்ன பொய்தான், ஆனால் குடியின் விளைவு கணவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இப்படித் தன்னை மறந்து இன்னொருவரின் பிரச்சினையைத் தானே சுமப்பதைத்தான் கோடிபென்டன்சி (codependency) என்கிறார்கள். அந்தச் சொல்லே குடிநோயாளிகளின் குடும்பங்களைக் கவனித்ததில் பிறந்ததுதான். இது பழகிப்போன நடத்தை, பழகியதை மாற்றலாம்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்: யாருக்காக என்ன செய்தேன், அவர் கேட்டாரா, செய்யாவிட்டால் எனக்கு என்ன பயம்? அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து, யாராவது ஒன்று கேட்டால் உடனே "சரி" சொல்லாமல் "நாளைக்குச் சொல்றேன்" என்று நேரம் வாங்குங்கள். சின்ன விஷயங்களில் தொடங்கினால் போதும்.

எல்லை வேறு, கட்டளை வேறு. "நீங்க குடிக்கக் கூடாது" என்பது கட்டளை. "நீங்க குடிச்சிருந்தா நான் பேச மாட்டேன், அடுத்த ரூமுக்குப் போயிடுவேன்" என்பது எல்லை. அதை நிறைவேற்ற அவர் சம்மதம் தேவையில்லை.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். மறுத்ததும் அவர் கோபம் கூடும், உங்களுக்குக் குற்ற உணர்வு குத்தும். அப்போது இறங்கிவந்தால், உரக்கக் கத்தினால் காரியம் நடக்கும் என்று அவர் கற்றுக்கொள்வார்.

அடி, மிரட்டல் உள்ள வீட்டில் தயவுசெய்து இதைத் தனியாக முயலாதீர்கள். முதலில் பாதுகாப்பான இடமும் ஆலோசகர் துணையும் வேண்டும்.