கேம் ஆடி வந்த கட்டைவிரல் வலி: எனக்குச் சரியான விதம்

பாலக்கோட்டில் எங்கள் ஸ்குவாட், அதாவது டீம், ராத்திரிதான் பிஜிஎம்ஐ என்ற செல்போன் கேம் ஆடும். வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் வலி. முதலில் ஆடும்போது மட்டும் இருந்தது. அப்புறம் பைக் ஆக்சிலேட்டர் முறுக்கினால், குழாயைத் திருகினால், கடைசியில் சோறு பிசைந்தாலே சுருக்கென்று இழுத்தது. தைலம் தேய்த்தால் கொஞ்ச நேரம் சுகம், அவ்வளவுதான். "போனைத் தூக்கிப் போடு, தானா சரியாயிடும்" என்றார் அம்மா.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கி எலும்புப் பிரிவுக்குப் போனோம். "போனை எப்படிப் பிடிப்பே, காட்டு" என்றார் டாக்டர். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். பாதி சாய்ப்பதற்குள் கத்திவிட்டேன். டி குவெர்வெய்ன் என்றார். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. ஓயாமல் ஒரே அசைவு என்றால் உறை தடித்து நாண்களை நெருக்கும். 1895-லேயே ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஒருவர் விவரித்த நோய் இது, செல்போன் வந்து கொண்டுவந்ததல்ல. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகிறதா என்றும் கேட்டார். அப்படியிருந்தால் நரம்பு அழுந்தும் கார்பல் டனல், அதற்கு வைத்தியம் வேறு.

பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. பிள்ளையைத் தூக்கித் தூக்கி அவருக்கும் இதே வலி. அதைக் கேட்டபிறகு அம்மா என்னைத் திட்டவில்லை.

இந்த வலிக்குக் கையை அசையாமல் நிறுத்தப் பட்டை போட வேண்டும், அதை வாங்கும்போது கவனம் தேவை. கடையில் மணிக்கட்டுப் பட்டையை எடுத்து நீட்டுவார்கள், அதில் கட்டைவிரல் சும்மா ஆடும். கட்டைவிரலையும் சேர்த்து நிறுத்தும் பட்டைதான் வேண்டும். கேமை நிறுத்தி அதைப் போட்டுக்கொண்டு, ஐஸ் ஒத்தடமும் கொடுத்தேன். இதற்கும் கேட்காவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் மசியாவிட்டால் உறையைக் கீறிவிடும் சின்ன ஆபரேஷன் என்றார்கள். எனக்கு ஊசிவரை போகவில்லை.

வலி தணிந்தபின் பிசியோதெரபி. விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி மெதுவாக விரிக்க வேண்டும். மேசை விளிம்பில் முன்கையை வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் பிசியோ அக்கா விடமாட்டார், மறுபடியும் முதலிலிருந்துதான்.

திரும்ப ஆடும்போது சென்சிட்டிவிட்டியைக் கூட்டினேன், விரல் குறைவாக நகர்ந்தால் போதும். எட்டிப் பிடிக்கவேண்டிய பட்டன்களை உள்ளே இழுத்து வைத்தேன். ஒரு மேட்ச் முடிந்ததும் போனைக் கீழே வைத்துவிடுவேன். டோர்னமென்ட்டுக்கு ஸ்குவாட் கூப்பிடுகிறது. நாள் முழுக்க ஆடவேண்டும் என்பதால் இந்த முறை வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.