ஆடிக்கும் கார்த்திகைக்கும் ஒரே கூடு

2024 மே 12, ஞாயிறு

தம்பலகாமத்திலுள்ள பெரியம்மா வீட்டிலிருந்து ஐந்து ஊர்க்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் நேற்று மாலை திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் ஏறத்தாழ இரண்டரை மாதக் குஞ்சுகள். கிணற்றடிக்குப் பின்னால், மேற்கு வேலியோரம் அவற்றுக்கான கூடு ஆயத்தமாக நிற்கிறது. நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரம். நாற்புறமும் பலகை, மேலே தகரம், முன்பக்கத்தில் ஒரு சாண் அகலத்தில் யன்னல். இவ்வளவு இறுக்கமாக அடிக்கச் சொன்னவன் நான்தான். எங்கள் வளவில் கீரி பகலிலேயே நடமாடும். இரவில் மரநாய் கூரைமேல் ஓடும் சத்தம் கேட்கும். வேலையை முடித்த ஓடாவி (தச்சர்) ஐயா, "தம்பி, இது கோழிக்கூடோ, நகைப்பெட்டியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசுகிறது. நான்கு நாட்களாகக் கோழிகள் பொழுதுபட்டதும் கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறி அமர்ந்துகொள்கின்றன. பிடித்து உள்ளே விட்டால், வாயைப் பிளந்து மூச்சிரைத்தபடி சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால், இரைப்பதன் மூலமும் சிறகைத் தளர்த்துவதன் மூலமுமே அது பெரும்பாலும் சூட்டை வெளியேற்ற முடியும். மாலை வெயில் முழுவதையும் வாங்கிய தகரத்தின் கீழே, காற்றோட்டமற்ற பெட்டியில், அதற்கும் வழியில்லை.

இன்று விடியற்காலையில் கதவைத் திறந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்செடுத்துப் பார்த்தேன். கண் எரிந்தது. எச்சமும் ஈரமும் சேர்ந்து அமோனியா வாயு கிளம்பியிருக்கிறது. நிமிர்ந்து நின்றபோது அந்த நெடி எனக்குத் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முருங்கையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 7, ஞாயிறு

பழைய கூட்டைப் பிரித்துவிட்டோம். புதியது வேலியோரத்தில் அன்றி மாமர நிழலில் நிற்கிறது. எட்டு அடி நீளமும் நான்கு அடி அகலமும் என்பதால் ஆறு கோழிகளுக்கு 32 சதுர அடி, அதாவது ஒன்றுக்கு ஐந்து சதுர அடிக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கிறது. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடுமாறு வைத்ததால் காலை வெயிலும் மாலை வெயிலும் பெரும்பாலும் குறுகிய பக்கங்களிலேயே விழும். தெற்கேயுள்ள முன்பக்கம் ஆறரை அடி, பின்பக்கம் ஐந்து அடி உயரம். நான் குனியாமல் உள்ளே நின்று கூட்ட முடியும். தவழ்ந்து போய்த் துப்புரவாக்க வேண்டிய கூட்டை எவரும் ஒழுங்காகத் துப்புரவாக்கமாட்டார்கள் என்பதைக் கடந்த இரண்டு மாதங்கள் காட்டிவிட்டன.

கீழே ஒன்றரை அடிக்குப் பலகை, அதற்கு மேல் கூரைவரை வலை. எந்த வலை என்பதில்தான் அதிக நேரம் போனது. கடைகளில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, கடித்து இழுக்கும் விலங்கு உள்ளே வராமல் தடுக்காது. அதோடு கடற்காற்றின் உப்பும் இருக்கிறது: அடுத்த வளவு அண்ணன் இரண்டு வருடங்களுக்கு முன் கட்டிய அந்த வலையை இன்று நான் விரலால் அழுத்தியபோது அப்பளம்போல் உடைந்தது. ஆகவே அரை அங்குலக் கண் கொண்ட, துத்தநாகம் பூசிய, தடித்த கம்பி வலையை வாங்கினேன். பாம்புக் குட்டியை எதுவும் முழுதாகத் தடுக்காது. ஆனால் முட்டை விழுங்கும் பருத்த சாரை இதற்குள் நுழையாது.

தகரத்தின் மேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்து, வாடைக்காலத்தை எண்ணிக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். கிடுகு மட்டும் போதாதா என்று ஓடாவி ஐயாவிடம் கேட்டேன். "வெயிலுக்குக் கிடுகு, மழைக்குத் தகரம். ரெண்டும் வேணும் தம்பி" என்றார். இம்முறை மறுப்பேதும் சொல்லவில்லை. தரையில் தம்பலகாமத்து ஆலையிலிருந்து கொண்டுவந்த உமி நான்கு அங்குலம் பரப்பினோம்.

ஜூலை 20, சனி

கோழிகள் உறங்குவதற்குக் குறுக்குத்தடியை விட்டுவிட்டு முட்டையிடும் பெட்டிகளுக்குள் போய்ப் படுத்து, அவற்றை எச்சமாக்கிவிட்டன. காரணம் எளிது: பெட்டிகள் மூன்றடி உயரத்தில், தடி இரண்டடி உயரத்தில். கோழி இருக்கும் இடங்களில் உயர்ந்ததையே உறங்கத் தேடும். பெட்டிகளை ஒன்றேகால் அடிக்கு இறக்கி, தடியை மூன்றடிக்கு ஏற்றினேன். தடி, தோலுரித்த வேப்பங்கொம்பு, இரண்டு அங்குலப் பருமன். கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம் என்ற கணக்கில் ஐந்து அடி. மூங்கிலைத் தவிர்த்ததற்குக் காரணம், அதன் பிளவுகளில் செள்ளுப் பூச்சி பகலில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

ஒரு பெட்டை போய்விட்டது. புள்ளி விழுந்த கறுப்பு.

வலையில் ஒரு கீறலும் இல்லை. மேற்கு மூலையில், பலகையின் அடியில், மணலைத் தோண்டிய குழி மட்டும் இருந்தது. எங்கள் கரையோர மண் வெறும் மணல்; கீரிக்கோ நாய்க்கோ அது பத்து நிமிட வேலை. மேலேயே பார்த்துப் பார்த்துக் கட்டியவன் காலடியை மறந்துவிட்டேன். மீதியிருந்த வலையை ஒன்றரை அடி அகலத்தில் வெட்டி, பலகையின் அடியோடு பிணைத்து, கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாகப் படுக்க விரித்து, மேலே மணலும் கல்லும் போட்டிருக்கிறேன். தோண்ட வரும் விலங்கு சுவரோரத்திலேயே தோண்டத் தொடங்கும்; அங்கே நகம் வலையில் சிக்கினால், ஒன்றரை அடி பின்னே போய்த் தொடங்க வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

செப்டெம்பர் 29, ஞாயிறு

முதல் முட்டை. சிறியது, பழுப்பு நிறம். நான்கு பெட்டைகளுக்கு இரண்டு பெட்டி போதும். பன்னிரண்டு அங்குலச் சதுரம், உள்ளே வைக்கோல், முன்னால் ஒரு சாக்குத் திரை. இருட்டு இருந்தால்தான் அவை விரும்பி இருக்கின்றன. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக, கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கழுவி இடித்து ஒரு சிரட்டையில் தனியே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

தாழமுக்கம் திருகோணமலைக்குக் கிழக்கே கடலில் நிற்கிறது. இரண்டு நாட்களாக ஓயாத மழை. வடக்கும் கிழக்கும் பார்த்த வலைப்பக்கங்களில் சாரல் நேராக அடித்ததால், நேற்று மாலை உரப்பைகளைத் தைத்து மேலிருந்து கீழ்வரை மூடிவிட்டேன். இன்று காலை குனிந்து மூச்செடுத்தபோது மீண்டும் ஜூன் மாதத்து நெடி. பயத்தில் பழைய பெட்டியையே மறுபடி கட்டியிருக்கிறேன்!

மழையில் நனைந்தபடியே உரப்பைகளின் மேல்விளிம்பை ஓர் அடி இறக்கிக் கட்டினேன். கூரை இரண்டடி வெளியே நீண்டிருப்பதால் அந்த இடைவெளியில் சாரல் ஏறக்குறைய நுழைவதில்லை. ஈரக்காற்று மட்டும் வெளியேறுகிறது. தெற்குப் பக்கம் திறந்தே இருக்கிறது. இறவாரத்து நீர் விழும் கோட்டில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, நனைந்த உமியை மூன்று கடகத்தில் அள்ளி வாழையடியில் கொட்டினேன்.

டிசெம்பர் 8, ஞாயிறு

வெயில் வந்திருக்கிறது. உரப்பைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன். இனி மழை இரைந்தால் அவிழ்த்துவிட ஒரு நிமிடம் போதும். வலை நன்றாக இருக்கிறது, ஆனால் அதைப் பிணைத்த மெல்லிய கட்டுக்கம்பி ஆறு இடங்களில் துருவேறிவிட்டதால் தடித்ததாக மாற்ற வேண்டும். சிவப்புப் பெட்டை ஐந்து நாட்களாக ஒரு பெட்டியை விட்டெழும்பாமல் அடைக்கு இருக்கிறது. மற்ற மூன்றும் மிஞ்சிய ஒரு பெட்டிக்காக வரிசையில் நின்று சண்டையிடுகின்றன. அடைக்கோழிக்குத் தனியாக ஓர் அறை வேண்டும். ஓடாவி ஐயாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.