ஆல்டிஸ் தீவில் தூரம் பழகியது: ஆர்மா 3 ஆடிய அனுபவம்

செக் நாட்டின் போஹேமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்மா 3 என்னும் ராணுவக் கணினி விளையாட்டை, காங்கேயத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்து வீட்டில், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடி வருகிறேன். பழைய விளையாட்டுதான் என்றாலும், பரந்த நிலப்பரப்பில் ஒரு படைவீரனாக நடந்து, பார்த்து, கேட்டு, தூரத்தைக் கணித்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தை இந்த அளவுக்குத் தருகிற வேறொன்றை நான் கண்டதில்லை. இதில் துப்பாக்கி வெடிக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு மணி நேரப் பணியில் ஐம்பது நிமிடம் மேட்டில் படுத்துக்கொண்டு எதிரே உள்ள ஊரைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது. அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் மெல்லக் கற்று வருகிறேன். இந்தக் குறிப்பும் அதைப் பற்றியதே.

விளையாட்டின் முதன்மைக் களமான ஆல்டிஸ், ஏஜியன் கடலில் உள்ள லெம்னோஸ் என்னும் கிரேக்கத் தீவைச் சிறிதாக்கி அமைக்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 270 சதுர கிலோமீட்டர். பயிற்சிக்கு ஏற்ற ஸ்ட்ராடிஸ் என்னும் இன்னொரு களம், லெம்னோஸுக்குத் தெற்கே உள்ள இன்னொரு சிறு தீவை ஒட்டி வரையப்பட்டது. பரப்பு 20 சதுர கிலோமீட்டர். லெம்னோஸுக்குச் சென்றிருந்த அந்நிறுவனத்தின் ஊழியர் இருவர் ராணுவ நிலைகளைப் படம் எடுத்ததாகச் சொல்லி 2012 செப்டம்பரில் கைது செய்யப்பட்டு, நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்து, 2013 ஜனவரியில் பிணையில் வெளிவந்தார்கள். லெம்னோஸின் பெயரிலேயே உருவாகிவந்த களத்துக்கு ஆல்டிஸ் என்ற பெயர் அதன் பின்னரே வந்தது. இந்தச் செய்தியை அறிந்த பிறகு, அத்தீவின் வறண்ட சரிவுகளில் நடக்கும்போதெல்லாம் அந்த இருவரை நினைத்துக்கொள்கிறேன்.

கணினி அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டு வரைகலை அட்டையைவிட மையச் செயலியையே அதிகம் நம்பியிருப்பதால், விலையுயர்ந்த அட்டை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். நிலம் தெரியும் தூரம், பொருள்கள் தெரியும் தூரம், நிழல் தெரியும் தூரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடியும். நிழலை நன்றாகக் குறைத்து, பொருள்களின் தூரத்தை மட்டும் தாராளமாக வைத்தேன். தூரத்தில் ஆள் தெரியாவிட்டால் இந்த விளையாட்டை ஆடிப் பயனில்லை.

தூரத்தைக் கணிக்கக் கற்றது ஒலியில் தொடங்கியது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது என்பதை ஆர்மா 3 மதித்து நடக்கிறது. கல் குவாரியில் வெடி வைக்கும்போது முதலில் புகை எழும்பிச் சற்றுப் பொறுத்தே சத்தம் வந்து சேர்வதைப் போல, தொலைவில் ஒரு வண்டி வெடித்தால் தீ முதலில் தெரிகிறது, ஓசை பின்னால் வருகிறது. இடையில் மூன்று வினாடி கழிந்தால் அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நடந்தது. துப்பாக்கிக் குண்டின் கணக்கு இதைவிடச் சிக்கலானது, அதனாலேயே இனிமையானது. ஒலியைவிட வேகமாக வரும் குண்டு நம் தலைக்கு மேலே கடக்கும்போது சாட்டை சொடுக்கியது போன்ற ஒரு கூர்மையான ஓசை எழுகிறது. துப்பாக்கி வெடித்த தடித்த ஓசை அதற்குப் பின்னரே வருகிறது. சுடுபவர் 200 மீட்டரில் இருந்தால் இரண்டுக்கும் இடைவெளி கால் வினாடிக்குச் சற்று மேல். 500 மீட்டரில் இருந்தால் ஏறத்தாழ முக்கால் வினாடி. முதல் ஓசை திசையைக் குறித்து நம்மைக் குழப்பக்கூடியது, ஏனெனில் அது குண்டு கடந்த இடத்தில் பிறக்கிறது. இரண்டாவது ஓசைதான் சுட்டவர் இருக்கும் பக்கத்தைக் காட்டும். பணிகளை நாமே அமைத்துக்கொள்ள விளையாட்டில் உள்ள தொகுப்பானில் 200, 400, 600 மீட்டரில் ஒவ்வொரு வீரனை நிறுத்தி, என்னைச் சுடாமல் என் தலைக்கு மேலே சுடும்படி அமைத்து, கண்ணை மூடிக் கேட்டுப் பழகினேன். தலையணி ஒலிபெருக்கி இல்லாமல் இந்தப் பயிற்சி கைகூடாது.

கண்ணால் அளப்பது அடுத்த படி. சில தொலைநோக்கிகளில் மில் என்னும் கோண அளவுக்குரிய கோடுகள் இருக்கின்றன. பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, கோட்டில் அது பிடிக்கும் மில் எண்ணால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். 1.8 மீட்டர் உயரமுள்ள ஆள் மூன்று மில் உயரத்துக்குத் தெரிந்தால் அவர் 600 மீட்டரில் நிற்கிறார். தூரத்தை ஒரே அழுத்தலில் சொல்லிவிடும் லேசர் கருவியும் விளையாட்டில் உண்டு, ஆனால் அது எல்லாப் பணியிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் முதலில் மனக்கணக்குப் போட்டுவிட்டுப் பிறகே கருவியில் சரிபார்க்கிறேன். கிடைத்த எண்ணுக்கு ஏற்பப் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் குறிநோக்கியைத் திருத்தியபின், துப்பாக்கியைச் சுவரின் மேலோ மண்மேட்டின் மேலோ ஊன்றிக்கொண்டால் அதன் நடுக்கம் பெரிதும் குறையும். ஊன்றும் வசதி 2015இல் எல்லோருக்கும் இலவசமாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலையில் ஆடியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது நிலத்தைப் படிப்பதுதான். காங்கேயத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வளர்ந்தவன் என்பதால் ஆல்டிஸின் காய்ந்த புல்வெளியும் தனித்து நிற்கும் மரங்களும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கிளுவை வேலி இருக்கும் இடத்தில் அங்கே கற்களை அடுக்கிய சுவர் இருக்கிறது, இந்த வேறுபாடு விளையாட்டில் உயிர் காப்பது. செடிகொடி நம்மை மறைக்கும், குண்டைத் தடுக்காது. கல் சுவர் இரண்டையும் செய்யும். மரப்பலகையையும் மெல்லிய தகரத்தையும் குண்டு துளைத்துச் செல்வதை விளையாட்டு கணக்கிடுவதால், எதன் பின்னால் படுக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு வேலிகளுக்கு இடையில் தாழ்ந்து செல்லும் இட்டேரி போன்ற பாதைகள் ஆல்டிஸில் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் தேடிக் குறித்து வைத்திருக்கிறேன். ஊருக்குள் நுழைய அவற்றைவிட நல்ல வழி இல்லை.

வரைபடத்தைப் பெரிதாக்கினால் சம உயரக் கோடுகள் தெரிகின்றன. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமவெளி என்பது பள்ளிப் பாடம்தான். அதற்கு மேல் நான் கற்றது, ஒரு கரட்டின் உச்சியில் ஒருபோதும் நிற்கக் கூடாது என்பது. உச்சியில் நிற்பவரின் உருவம் வானத்தின் மேல் கருப்பாக விழுந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். உச்சிக்குச் சற்றுக் கீழே, எதிரியை நோக்கிய சரிவில், பின்னால் மண்ணோ புதரோ இருக்குமாறு படுத்தால் அதே காட்சி கிடைக்கிறது, நம் உருவம் மட்டும் கரைந்துவிடுகிறது. கன்ட்ரோல் விசையுடன் டபிள்யூ, எஸ் எழுத்துகளை அழுத்தி நிற்றல், குந்துதல், படுத்தல் ஆகிய மூன்று நிலைகளையும் மும்மூன்று உயரங்களாக மாற்ற முடிவதால், சுவருக்கு மேலே கண் மட்டும் தெரியும்படி எழும்பலாம். ஆல்டிஸின் மேற்கே உள்ள கவாலா நகரைச் சுற்றிய மேடுகளில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எதிரிக் குழுவில் ஒருவர் நம்மைக் கண்டுவிட்டால் அந்தக் குழு முழுவதுக்கும் நம் இடம் தெரிந்துவிடும். ஆகவே காணப்படாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது.

சனிக்கிழமை இரவுகளில் குழுவாக ஆடுகிறோம். கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சி, பல்லடம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து இணைகிறோம். பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர்தான் எங்கள் குழுத் தலைவர். எதிரியைக் கண்டவுடன் திசை, தூரம், எது, எத்தனை என்ற வரிசையில் சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இடப்பக்கம் வலப்பக்கம் என்று சொல்வதற்கு அவர் அனுமதிப்பதில்லை, ஏனெனில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் கொங்கு நாட்டில் ‘தெக்கால தோட்டம்’, ‘மேக்கால வளவு’ என்று வழி சொல்லியே பழகியவர்களுக்கு இது கடினமாக இல்லை.

“அண்ணா, கெழக்கால, முன்னூறு மீட்டருங்க. ரோட்டுக்கு அக்கட்ட கல்லுச் செவுரு இருக்குதல்லங்க, அதுக்குப் பின்னால ரெண்டு பேருங்க.”

“சரி கண்ணு, பாத்துட்டே இரு. நான் சொல்லாம சுட்டறாத.”

அண்ணனின் இந்தக் கடைசி வாக்கியத்தை அனேகமாக எல்லா இரவிலும் கேட்கிறோம். துல்லியம் தேவைப்படும்போது கே விசையில் திசைகாட்டியை எடுத்துப் பாகையில் சொல்வோம். இடத்தைக் குறிக்க வரைபடத்தின் ஆறு இலக்க எண்ணைச் சொல்வோம். முதல் மூன்று இலக்கம் மேற்கிலிருந்து கிழக்காகவும் அடுத்த மூன்று தெற்கிலிருந்து வடக்காகவும் செல்வதால், அந்த எண் 100 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைச் சுட்டும். இருட்டில் சிதறிப்போனாலும் இந்த எண்ணைச் சொல்லி ஒரே பள்ளத்தில் வந்து சேர்ந்துவிடுகிறோம்.

தனியாக ஆடிய பகுதிகளில், 2017இல் வந்த போர்ச் சட்டங்கள் பற்றிய கூடுதல் தொகுப்பு என்னை மிகவும் பாதித்தது. ஆல்டிஸின் வடமேற்கே உள்ள ஒரேயோகாஸ்ட்ரோ என்ற மலையூரில், போர் முடிந்த பிறகு வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளையும் கண்ணிவெடிகளையும் அகற்ற வரும் தொண்டு நிறுவனப் பணியாளராக அதில் நாம் நடக்கிறோம். அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்பது பல தரப்பினரின் அனுபவங்கள் வழியாக அடுக்கடுக்காக விரிகிறது. வழக்கமாக ஒரு மேட்டிலிருந்து பார்த்துத் திட்டமிடும் ஊரை, இங்கே ஒவ்வொரு அடியாகத் தரையைப் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டியிருந்தது. கொத்துக்குண்டு சிதறிய தெருவில் சிறு உலோக உருண்டைகள் கிடக்கும் இடத்தைத் தாண்டும்போது, அதே தெருவில் குழந்தைகள் விளையாடியிருப்பார்கள் என்ற எண்ணம் எழாமல் போகாது. அத்தொகுப்பின் நேரடி விற்பனையில் 2017ஆம் ஆண்டு கிடைத்த நிகர வருவாயில் பாதியை, அதாவது 1,76,667 அமெரிக்க டாலரை, செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவுக்கு நிறுவனம் வழங்கியது. ராணுவ விளையாட்டை விரும்பி ஆடுகிற ஒவ்வொருவரும் இந்தப் பகுதியை ஆட வேண்டும் என்று வலியுறுத்துவேன். இதை ஆடிய பின்பு எங்கள் குழு ஆடும் பணிகளில் பொதுமக்கள் வீடுகளுக்கு அருகே பீரங்கித் தாக்குதலைக் கோருவதில்லை என்று முடிவு செய்து, அதைக் கடைப்பிடித்தும் வருகிறோம்.

இப்போது பழகிக்கொண்டிருப்பது காற்று. ஆர்மா 3 குண்டின் வீழ்ச்சியையும் காற்றின் தடையையும் கணக்கிட்டாலும், வீசும் காற்று குண்டை ஒதுக்குவதைத் தானாகக் கணக்கிடுவதில்லை. ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் ஏஸ் 3 என்ற இணைப்பு அந்தக் குறையை நிரப்புகிறது. அதில் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு, கையில் பிடித்துக் காற்றை அளக்கும் கருவியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் வளர்ந்தவனுக்குக் காற்றின் வேகத்தை உணர்வது புதிதல்ல. அதைக் கோணத்தோடு சேர்த்துக் கணக்கிடுவதுதான் புதிது. குண்டின் பாதைக்குச் செங்குத்தாக வீசும் காற்றுக்கு முழுத் திருத்தமும், அந்தப் பாதைக்கு 30 பாகைச் சாய்வில் வீசும் காற்றுக்குப் பாதித் திருத்தமும், நேரெதிரே வீசுவதற்குப் பக்கவாட்டில் எதுவும் வேண்டாம் என்பதும் அடிப்படை. ஸ்ட்ராடிஸில் காமினோ துப்பாக்கிப் பயிற்சித் திடலில், காற்றின் வேகத்தை மாற்றாமல் திசையை மட்டும் மாற்றி 600 மீட்டர் இலக்கில் சுட்டு, ஒவ்வொரு கோணத்துக்கும் எவ்வளவு ஒதுங்குகிறது என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்து வருகிறேன். நேரெதிர்க் காற்றும் 30 பாகையும் முடிந்துவிட்டன; அடுத்து 45 பாகையும், அதன் பிறகு அதே கோணங்களை 800 மீட்டரிலும் செய்து பார்க்க வேண்டும். அட்டவணை நிரம்பியதும் சனிக்கிழமைக் குழுவிடம் கொடுத்து, பல்லடத்து அண்ணனைச் சுடச் சொல்லிச் சரிபார்ப்பதாக இருக்கிறேன்.